பழம் முதலில், பொடி பிறகு: வீட்டிலேயே பழ ஐஸ் மாட்சா லாட்டே

பழம் சேர்த்த ஐஸ் மாட்சா லாட்டே செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது பச்சைப் பொடியைப் பற்றித்தான். எந்த நிறுவனம், எந்தத் தரம், என்ன விலை என்று நாள்கணக்கில் தேடுகிறார்கள். பழத்தை மட்டும் கடைசி நேரத்தில், வீட்டில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறது. வீட்டில் செய்யும் டம்ளர் பாழாவது பெரும்பாலும் மூன்று விதத்தில்: பால் திரிகிறது, நிறம் சேறாகிறது, குடித்து முடிப்பதற்குள் கசப்பு ஏறுகிறது. இந்த மூன்றுக்கும் மூலம் பழத்தில் இருக்கிறது. ஆகவே பழத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நடுத்தரப் பொடியிலும் நல்ல பானம் வரும். பழத்தில் தவறினால் ஜப்பானின் உஜியிலிருந்து வந்த உயர்ந்த பொடியும் காப்பாற்றாது. புதியம்புத்தூர், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், கோவில்பட்டி என்று பரந்து கிடக்கும் கரிசல் பூமியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. இந்தப் பானத்துக்கு மிகப் பொருத்தமான பழங்கள் சில நம் சந்தையிலும் ஓடைக்கரையிலுமே கிடைக்கின்றன. படங்களில் பார்க்கும் ஸ்ட்ராபெரிக்காக மலைப்பிரதேசத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள, மாட்சா என்ன பொருள் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தேயிலையைப் பொடித்துக் கலக்கிக் குடிக்கும் வழக்கம் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எய்சாய் என்ற பௌத்தத் துறவி மூலம் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. அங்கே அது தனிக் கலையாக வளர்ந்தது. பறிப்பதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே செடிகளின்மேல் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். வெளிச்சம் குறைந்த இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. சுவைக்கு மென்மை தரும் தியானின் என்ற சத்தும் இலையில் தங்குகிறது. பறித்த இலையை ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, நரம்பும் காம்பும் நீக்கி, கல் எந்திரத்தில் அரைக்கிறார்கள். ஒரு கல் எந்திரம் ஒரு மணி நேரத்தில் அரைத்துத் தள்ளுவது 40 கிராம் அளவுதான். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அந்தப் பச்சை நிறம் முழுக்கப் பச்சையத்தால் வந்தது. பச்சையம் புளிப்பைத் தாங்காது. கீரை வேகும்போது புளியை ஊற்றியதும் பளிச்சென்ற பச்சை மங்கி, காய்ந்த இலை நிறத்துக்கு வருகிறதே, அதே வினைதான் புளிப்புப் பழத்தோடு சேர்ந்த மாட்சாவிலும் நடக்கிறது. குளிரில் மெதுவாக நடக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

அடுத்தது பால். பாலின் முக்கியப் புரதமான கேசின், பாலின் கார அமில எண் 4.6-ஐ நெருங்கும்போது திரளும். தயிர் உறைவதும் பன்னீர் பிரிவதும் இந்தக் கணக்கில்தான். நல்ல பாலின் எண் 6.6-ஐ ஒட்டி இருக்கும். கொஞ்சம் புளிப்பு சேர்ந்தால் அது தாங்கிக்கொள்ளும், அளவு மீறினால் தாங்காது. எனவே ஒரு பழத்தில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதே கேள்வி. எலுமிச்சைச் சாற்றில் 5 முதல் 6 சதவீதம் வரை சிட்ரிக் அமிலம் இருக்கிறது. நன்றாகப் பழுத்த இனிப்பு மாம்பழத்தில் அது பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழே. புளியங்குடி எலுமிச்சை சர்பத்துக்கு ராஜா. ஆனால் பால் ஊற்றிய மாட்சாவில் அதன் ஒரு தேக்கரண்டிச் சாறே டம்ளர் ஓரத்தில் துணுக்குத் துணுக்காக ஒட்ட வைத்துவிடும். எந்தப் பழத்தையும் எடைபோட வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் ஒரு தேக்கரண்டி பழக்கூழும் மூன்று தேக்கரண்டி ஆறிய பாலும் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு டம்ளரைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வழிந்து இறங்கிய பால் கண்ணாடியில் மெல்லிய, ஒரே சீரான படலமாக இருந்தால் பழம் தேறியது. மணல் ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் நின்றால் அந்தப் பழத்தைப் பால் இல்லாத பானத்துக்கு ஒதுக்குங்கள். விலை கூடிய பொடியைக் கரைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நிறத்தின் கதை இன்னும் எளிது. பச்சையோடு மஞ்சள் சேர்ந்தால் இளம்பச்சை வரும். சிவப்போ ஊதாவோ சேர்ந்தால் பழுப்பு வரும். அதோடு, மாதுளை, பன்னீர் திராட்சை, நாவல் ஆகியவற்றின் சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் என்ற நிறமியால் ஆனவை. அது புளிப்பில் சிவப்பாக ஒளிரும். புளிப்பு குறைந்த பாலில் விழுந்ததும் சாம்பல் ஓடிய ஊதாவாக மங்கிவிடும். படம் எடுக்கும் அந்த நிமிடத்தில் மூன்று அடுக்காக அழகாகத் தெரிந்த டம்ளர், கலக்கியதும் மழைக்குப் பிந்தைய கரிசல் சேற்று நிறத்துக்கு மாறுவதற்கு இதுதான் காரணம். குடிப்பதற்கு முன் எல்லாரும் கலக்கத்தான் போகிறார்கள். கலக்கிய பிறகும் பார்க்க நன்றாக இருக்கும் பழமே நமக்கு வேண்டும்.

மூன்றாவது கேடான கசப்பு பலருக்கும் விளங்காத புதிராக இருக்கும். பப்பாளியில் புளிப்பே இல்லை, நிறமும் ஒத்துப்போகும், எனவே சரியான பழம் என்று தோன்றும். ஆனால் பப்பாளியில் பப்பைன் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தை வெட்டித் துண்டாக்குகிறது; அந்தத் துண்டுகள் நாக்கில் கசக்கும். பப்பாளி மில்க் ஷேக்கைச் செய்தவுடன் குடித்தால் தெரியாத கசப்பு, அரைமணி கழித்துக் குடித்தால் தெரிவது அதனால்தான். அன்னாசியிலும் புரோமலைன் என்ற நொதி இதே வேலையைச் செய்கிறது. அன்னாசியை நன்றாகக் கொதிக்க வைத்தால் அதன் நொதி அடங்கிவிடும், புளிப்பு மட்டும் மிஞ்சும். பப்பைன் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். மாட்சா தானே லேசான கசப்பு உடையது என்பதால், இந்த இரண்டாவது கசப்பை ஆள்கள் பொடியின் தலையில் கட்டிவிட்டு, பொடி மோசம் என்று முடிவு செய்கிறார்கள். பப்பாளியை இந்தப் பானத்தில் சேர்க்காதீர்கள். அது சீவித் தின்னவே நல்ல பழம்.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று வரும். உலகமெங்கும் காபிக் கடைகளில் அதிகம் விற்பது ஸ்ட்ராபெரி மாட்சா லாட்டே ஆயிற்றே, அது புளிப்பும் சிவப்பும் கொண்ட பழம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கடையில் ஊற்றுவது பெரும்பாலும் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய ஸ்ட்ராபெரிப் பாகு. சர்க்கரையின் கனத்தால் அது அடியில் படிந்து நிற்கிறது, மேலே பால், அதற்கும் மேலே மாட்சா. புளிப்பும் பச்சையமும் சந்திக்காதபடி நடுவில் பால் காவல் நிற்கிறது. வாங்கியவர் சில நிமிடங்களில் குடித்து முடித்துவிடுகிறார். ஆக, கடைக்காரர்களும் பழத்தின் புளிப்போடு போராடித்தான் அதை விற்கிறார்கள். போராட்டம் பாகுக்குள் மறைந்திருக்கிறது. கொடைக்கானலிலோ நீலகிரியிலோ விளைந்த நல்ல ஸ்ட்ராபெரி குளிர்காலத்தில் கைக்கு எட்டினால், நீங்களும் அதே வழியில் பழத்தின் எடையில் பாதி சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிச் செய்யலாம், தவறில்லை. ஆனால் தூத்துக்குடி வரை வந்து சேரும் ஸ்ட்ராபெரி பாதி காயாக, வாசனை இல்லாமல், புளிப்பு மட்டும் ஓங்கியதாக இருப்பதே வழக்கம். அதற்குக் கொட்ட வேண்டிய சர்க்கரையை நினைத்தால், நம் ஊர்ப் பழம் தானாகவே முன்னால் வந்து நிற்கும்.

கோடைக்கு மாம்பழம். ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை நீளும் பருவத்தில் ராஜபாளையம் பக்கத்துச் சப்பட்டை, பங்கனப்பள்ளி, செந்தூரம் எல்லாம் கரிசல் ஊர்களின் தள்ளுவண்டிகளுக்கு வந்துவிடுகின்றன. பங்கனப்பள்ளி இந்தப் பானத்துக்கென்றே அமைந்ததுபோல நார் இல்லாதது, புளிப்பு அடங்கியது, கூழ் கெட்டியானது. சப்பட்டையில் மணம் அதிகம், நாரும் உண்டு, வடிகட்டினால் போதும். கிளிமூக்கு நன்றாகப் பழுத்தாலும் அடியில் ஒரு புளிப்பை வைத்திருக்கும் என்பதால் டம்ளர் சோதனை செய்யாமல் அதைச் சேர்க்கக் கூடாது. மாம்பழ மஞ்சள் மாட்சாவோடு கலந்தால் வாழைக் குருத்தின் நிறம் வரும். சுவையிலும் இரண்டும் ஒன்றையொன்று அமுக்குவதில்லை. மாட்சாவின் இலைக்கசப்பு மாம்பழத்தின் திகட்டலை வெட்டுகிறது. முதன்முதலில் செய்கிறவர்கள் இதிலிருந்தே தொடங்க வேண்டும்.

மாம்பழம் ஓய்ந்ததும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை சீத்தாப்பழத்தின் காலம். மாட்சாவுக்கு இதைவிடப் பொருத்தமான பழம் தமிழ்நாட்டிலேயே இல்லை என்று துணிந்து சொல்லலாம். அதிகம் தண்ணீர் கேட்காமல், ஓடைக்கரையிலும் பரம்பு மேட்டிலும் தானாக விளைவது. புளிப்பு மிகக் குறைவு; வெள்ளைச் சதை பாலின் நிறத்தோடு கலந்துவிடுவதால் பச்சை துளியும் மங்காது; சதையே பாலாடை போலிருப்பதால் பானத்துக்குத் தனியாகக் கொழுப்பு தேவையில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சீத்தாப்பழச் சதையைச் சூடாக்கக் கூடாது. சூடு பட்டால் கசந்துவிடும். மற்றப் பழங்களுக்குச் சொல்லும் காய்ச்சும் முறை இதற்குப் பொருந்தாது. இரண்டாவது, விதையோடு மிக்ஸியில் போடவே கூடாது. அரைபட்ட சீத்தா விதை நஞ்சு. பேனை ஒழிக்கத் தலைக்குத் தேய்த்த பொருள் அது, கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். தோலின் கண்கள் விரிந்து, அழுத்தினால் விரல் பதியும் பழமாக எடுத்து, இரண்டாகப் பிட்டு, சதையைக் கரண்டியால் வழித்து ஓட்டை பெரிதான அரிப்பில் போடுங்கள். சுத்தமான கை விரல்களால் வட்டமாகத் தேய்த்தால் கூழ் கீழே இறங்கும், கறுப்பு விதைகள் மேலே தங்கும். தோலை ஒட்டிய மணல் போன்ற பகுதியை வழிக்காமல் விட்டால் பானம் நறநறக்காது. நடுத்தரப் பழம் ஒன்றில் ஒரு டம்ளருக்கான கூழ் கிடைத்துவிடும்.

சப்போட்டா ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கும், புளிப்பு கிட்டத்தட்ட இல்லை, ஆனால் பழுப்பு நிறமும் வெல்ல மணமும் மாட்சாவைப் பின்னுக்குத் தள்ளும். அதைப் பயன்படுத்தும்போது கூழின் அளவை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் விளைந்து வரும் வாழையில் நாட்டுப்பழத்தைவிட ரசதாளி ஏற்றது. மசித்த உடனே சேர்க்க வேண்டும், வைத்தால் கறுக்கும். நுங்கைப் பற்றி நிறையப் பேர் ஆசையாகக் கேட்பார்கள். பால் திரியாது, நிறம் கெடாது, குளிர்ச்சியும் உண்டு. ஆனால் நுங்குக்கு மணம் குறைவு, மாட்சாவின் முன் அதன் குரல் கேட்காது. எனவே அதைக் கூழாக்காமல், தோல் நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி மாம்பழ லாட்டேயில் மிதக்க விடலாம், கடித்துத் தின்ன நன்றாக இருக்கும். கொடுக்காய்ப்புளி துவர்ப்பது, மாட்சாவும் துவர்ப்பது, இரண்டும் சேர்ந்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும். இலந்தை புளிப்பு. சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் சிவப்பு கண்ணைப் பறிக்கும். அதன் நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளையும் தோலின் பூமுள்ளையும் முழுக்க நீக்கத் தெரிந்தவர்கள் அதைத் தனிச் சாறாகக் குடிப்பதே முறை.

இனி அளவுகள். 300 மி.லி. கண்ணாடி டம்ளர் ஒன்றுக்கு மூன்று மேசைக்கரண்டி, அதாவது 45 முதல் 50 கிராம் பழக்கூழ் வேண்டும். மாம்பழத்தில் ஐந்து டம்ளருக்குச் சேர்த்துச் செய்துவைக்கலாம்: 250 கிராம் கூழ், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறி, கரண்டியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் பதத்தில் இறக்கி, ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். இந்தக் காய்ச்சல் வெறும் பாதுகாப்புக்காக மட்டுமில்லை. கெட்டியாகி, சர்க்கரையால் கனத்த கூழ் டம்ளரின் அடியில் அசையாமல் நிற்கும். உப்பு வேண்டாம் என்று நினைக்காதீர்கள்; உப்பு கசப்பை அடக்குகிறது, அந்த ஒரு சிட்டிகை மாட்சாவின் கூர்மையைத் தணிக்கும். அறைச் சூட்டில் நாக்கில் வைத்துப் பார்க்கும்போது கூழ் கொஞ்சம் அதிக இனிப்பாகத் தோன்ற வேண்டும், ஏனென்றால் குளிரில் இனிப்பு உணர்வு குறைந்துபோகும். சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி சேர்க்கலாமா என்று இந்தப் பக்கத்தில் யாராவது கேட்பார்கள். கருப்பட்டியின் மணத்தின்மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதில் வேண்டாம். அது மாட்சாவையும் பழத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். பொடித்த பனங்கற்கண்டு ஒத்துப்போகும்.

பால் 150 மி.லி. ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், இந்தப் பானத்துக்கு அது போதுமான கெட்டி. காய்ச்சி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, ஊற்றும் முன் ஆடையை எடுத்துவிடுங்கள்; ஆடைத் துணுக்கைப் பார்த்துப் பால் திரிந்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்வதுண்டு. பாலும் மாட்சாவும் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள், அதற்குக் கணக்கே சாட்சி. கோடையில் 32 டிகிரியில் கிடக்கும் 150 மி.லி. பாலை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 47 கிராம் ஐஸ் கரைய வேண்டும். 77 டிகிரியில் இருக்கும் 45 மி.லி. மாட்சாக் கரைசலைக் குளிர்விக்க இன்னொரு 40 கிராம். இரண்டையும் கூட்டினால் டம்ளரில் கூடுதலாக 87 மி.லி. அளவுக்குத் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. வெளியில் வெயில் கொளுத்தும் ஊரில் ஐஸ் லாட்டே சப்பென்று போவதற்கு இதுவே பெரிய காரணம். இன்னும் நுணுக்கமாகச் செய்ய நினைப்பவர்கள் ஐஸ் தட்டில் பாலையே உறைய வைக்கலாம். கரைந்தாலும் பால்தான் கூடும். எந்த ஐஸானாலும் குடிக்கும் தண்ணீரில் வீட்டில் உறைய வைத்ததாக இருக்கட்டும். மீனுக்காக உடைத்து விற்கும் ஐஸ் பாளம் பானத்துக்கு ஆகாது.

பொடி ஒரு டம்ளருக்கு 2 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. இதைச் சிறு வடிகட்டியில் சலித்தே ஆக வேண்டும், மாட்சா மிக நுண்ணிய பொடி என்பதால் காற்றின் ஈரத்திலேயே கட்டி கட்டும், அந்தக் கட்டி தண்ணீரில் உடையாது. கொதிக்கும் தண்ணீர் பட்டால் கசப்பு ஏறும். 75 முதல் 80 டிகிரி போதும். வெப்பமானி தேவையில்லை. இரண்டு பங்கு கொதிநீரும் ஒரு பங்கு அறைச் சூட்டுத் தண்ணீரும் கலந்தால் 77 டிகிரியை ஒட்டி வந்துவிடும். இந்தத் தண்ணீரில் நாலு தேக்கரண்டி மட்டும் விட்டுப் பொடியைக் குழைத்துப் பசையாக்கி, கட்டி இல்லை என்று கண்ட பிறகு 30 மி.லி. குளிர்ந்த தண்ணீர் சேர்த்து நுரைக்கக் கடையுங்கள். மூங்கில் துடைப்பம் போன்ற ஜப்பானியக் கருவி வாங்கத் தேவையே இல்லை. சின்ன மத்தைப் பித்தளை டம்ளரில் விட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் அதே நுரை வரும். இறுக மூடும் பாட்டிலில் போட்டுக் குலுக்கினாலும் சரி. தண்ணீரில் மட்டும் கவனம் வேண்டும். கரிசல் பகுதியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பும் கடினமும் உள்ளது; அந்தச் சுண்ணம் தேயிலைச் சத்தோடு சேர்ந்து மேலே ஏடு கட்டும், சுவையையும் மழுங்கடிக்கும். தாமிரபரணிக் குடிநீரோ, கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கும் வரிசை: அடியில் பழக்கூழ், அதன்மேல் டம்ளரின் பாதிக்கு ஐஸ், பிறகு ஐஸ் கட்டிகளின்மேல் படும்படி மெதுவாகப் பால், கடைசியில் கரண்டியின் முதுகு வழியாக மாட்சா. தண்ணீரில் கரைத்த மாட்சா பாலைவிட எடை குறைந்தது என்பதால் மேலே நிற்கும். அழகுக்காக மட்டும் இந்த வரிசை என்று எண்ண வேண்டாம்; புளிப்பையும் பச்சையத்தையும் கடைசி நிமிடம் வரை பிரித்து வைப்பது இதன் வேலை. பரிமாறிய பின் அடிவரை கலக்கி, பதினைந்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். மாட்சா கரைவதில்லை, மிதக்கிறது. தாமதித்தால் அடியில் படியும்.

இவ்வளவு விலை கொடுத்து வெளிநாட்டுப் பொடி எதற்கு, நம் நீலகிரியின் பச்சைத் தேயிலையை மிக்ஸியில் அரைத்தால் ஆகாதா என்பது அடுத்த மறுப்பு. அரைக்கலாம், ஆனால் வருவது வேறு பொருள். நிழலில் வளராத, நரம்பு நீக்காத இலை துவர்ப்பும் கரடுமாக இருக்கும். மிக்ஸியின் கத்தி கல்லின் நுண்மைக்கு அரைக்காது. அந்த இலையை நல்ல கஷாயமாக வடித்துக் குளிரவைத்து, பால் இல்லாமல் மாம்பழத்தோடோ எலுமிச்சையோடோ குடிப்பதே அதற்கு மரியாதை. விலையைப் பொறுத்தவரை, 30 கிராம் டின்னில் 15 டம்ளர் வரும் என்று வகுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2024 முதல் உலகெங்கும் தேவை பெருகி, கியோத்தோவின் பழைய கடைகளே ஆளுக்கு இத்தனை டின் என்று வரம்பு வைக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்தது. இந்த நேரத்தில் தேநீர்ச் சடங்குக்கான உயர்தரம் என்று எழுதியதைத் தேடி அலைவது வீண். அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை எதுவும் கிடையாது. பாலும் பழமும் சேரும் இடத்தில் அதன் நுண்சுவை தெரியவும் தெரியாது. பொருட்பட்டியலில் பச்சைத் தேயிலை தவிர வேறெதுவும் இல்லாத, பளிச்சென்ற பச்சையில் உள்ள, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் அச்சிட்ட நடுத்தரப் பொடியே போதும். மஞ்சள் ஓடிய பச்சை பழையதன் அடையாளம். லாட்டே கலவை என்று விற்பதில் சர்க்கரையும் பால் பொடியும் கலந்திருக்கும், அதை விடுங்கள். திறந்த டின்னைக் காற்றுப் புகாமல் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்த பின் திறந்தால் உள்ளே ஈரம் கோக்காது. இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

உடல்நலப் பேச்சில் நிதானம் தேவை. மாட்சாவை மருந்துபோல் விற்கிறார்கள். ஆனால் பால் புரதம் தேயிலையின் கேட்டச்சின்களைப் பற்றிக்கொள்கிறது. 2007-இல் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் கருந்தேநீரில் பால் சேர்த்தபோது இரத்தக் குழாய்க்குக் கிடைத்த நன்மை மறைந்ததைக் காட்டினார்கள். எனவே இதைச் சுவைக்காகக் குடியுங்கள், சத்துக்காக அல்ல. இரும்புச்சத்து விஷயம் இன்னும் முக்கியமானது. தேயிலையின் துவர்ப்புச் சத்துகள், உணவோடு சேர்ந்தால் கீரை, பயறு, கம்பிலிருந்து கிடைக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. புதியம்புத்தூரில் ஆயத்த ஆடைத் தையலில் பகல் முழுக்க எந்திரத்தின்முன் உட்காரும் பெண்கள் சாப்பாட்டோடு சாப்பாடாக இதைக் குடிக்கக் கூடாது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடித்தால் தடை வெகுவாகக் குறையும். சாயங்காலம் நாலு மணி நல்ல நேரம். 2 கிராம் பொடியில் 40 முதல் 80 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கும், எனவே தூக்கம் குறைந்தவர்கள் அதற்குப் பிந்திக் குடிக்க வேண்டாம், கர்ப்பிணிகள் அன்றைய காபியையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும், சிறு பிள்ளைகளுக்கு மாட்சா இல்லாமல் பழமும் பாலும் மட்டும் கொடுங்கள். சர்க்கரை நோயாளிகள் கூழை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்து, சர்க்கரை சேர்க்காமல், நுங்குத் துண்டுகளால் டம்ளரை நிரப்பலாம்.

ஏப்ரலில் பங்கனப்பள்ளி வந்ததும் பழத்தை வாங்கி டம்ளர் சோதனை செய்து பாருங்கள். அது தேறிய பிறகு பொடிக்குப் பணம் கட்டுங்கள். ஆகஸ்ட் பிறந்தால் சீத்தாவுக்கு மாறிவிடுங்கள், அடுப்பைப் பற்ற வைக்கும் வேலைகூட அதில் குறைவு.